பூச்சியை எண்ணாமல் மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள்: உழவர் குழுவுக்கு ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை கற்றுத்தர முழு வழிகாட்டி

பூச்சிக்கொல்லியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுத்தரும் பயிற்சிகள் பெரும்பாலும் கையுறையிலும் முகக்கவசத்திலும் தொடங்குகின்றன. அந்த வரிசையே தவறு. பருவத்துக்கு ஆறு முறை தெளிக்கிற ஒருவர் அந்த ஆறையும் கையுறையோடு தெளிப்பது நல்லதுதான். ஆனால் ஆறில் நான்கு தேவையே இல்லை என்று தன் வயலில் தானே எண்ணிக் கண்டுகொண்டால், அந்த நான்கு நாளும் அவர் உடம்பில் ஒரு துளி நஞ்சும் படாது. அதனால் இந்த வழிகாட்டி முதலில் எண்ணுவதைக் கற்றுத்தருகிறது. புட்டியைத் திறப்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்தைத் தொடும் இந்த ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை முறைக்குப் பெரிய முன்னோடி இந்தோனேசியா. அங்கே நெல்லில் மருந்து கூடக்கூட, தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியும் கூடியது. தூர்களில் இருந்த புகையானோடு அதைத் தின்னும் சிலந்திகளையும் நாவாய்ப்பூச்சிகளையும் மருந்து கொன்றது. இலையுறைக்குள் இருந்த புகையான் முட்டைகள் தப்பிப் பொரித்தபோது அவற்றைத் தின்ன எதுவும் மிச்சமில்லை. 1986ல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. 1989ல் அங்கேதான் உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது. கீழே வரும் பயிற்சிகளின் எலும்புக்கூடு அந்தப் பள்ளியிலிருந்து வந்தது. எடுத்துக்காட்டுகள் நெல்லைப் பற்றியவை. வேறு பயிருக்கு எடுத்துச் செல்லும்போது பூச்சிகளும் எல்லை எண்களும் மாறும், முறை மாறாது.

பருவம் தொடங்கும் முன்

20 முதல் 25 பேர் கொண்ட ஒரு குழு போதும். அதைவிடக் கூடினால் பின்வரிசையில் நிற்பவர் பயிரைத் தொடாமலே வீட்டுக்குப் போவார். வாரம் ஒரு முறை, காலையில் அரை நாள், நடவிலிருந்து அறுவடை வரை கூடுங்கள். ஒரே நாளில் முடியும் பயிற்சியில் பூச்சியின் பெயரைச் சொல்லித்தரலாம், அது கூடிக் குறைவதைக் காட்ட முடியாது. தெளிப்பவரை மட்டும் அழைத்து நிறுத்திவிடாதீர்கள். மருந்துபட்ட துணியைத் துவைப்பவரும், களையெடுக்க வயலில் இறங்குபவரும் குழுவில் இருக்க வேண்டும். அவர்கள் உடம்பிலும் நஞ்சு ஏறுகிறது.

பயிற்சி வயலை இரண்டு பாத்திகளாகப் பிரியுங்கள். ஒன்றில் குழு வழக்கமாகச் செய்வதையே செய்யட்டும். மற்றதில் வாராவாரம் எண்ணி முடிவெடுக்கட்டும். இரகம், நடவு நாள், நீர் மூன்றும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் விளைச்சல் வேறுபாட்டுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தேவையான பொருள்கள்: பெரிய தாள்கள், வண்ணப் பென்சில்கள், மூடியில்லாத பத்து ஒளிபுகும் டப்பாக்கள், கொசுவலைத் துணி, கைலென்ஸ், அளவுக் குவளை, கத்தரிக்கோல், இதுவரை மருந்தே ஊற்றாத ஒரு புதிய கைத்தெளிப்பான்.

வாராந்தர வகுப்பு: எண்ணு, வரை, முடிவெடு

வெயில் ஏறுவதற்குள் வயலில் இறங்குங்கள். வரப்பிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே போன பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். வரப்போரப் பயிரை வைத்து முழு வயலையும் எடைபோட முடியாது. குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 குத்துகளைத் (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) தேர்ந்தெடுங்கள். பார்வைக்குப் பாதிப்பாகத் தெரியும் குத்தைத் தேடிப் போவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. பத்துப் பத்து எட்டு வைத்து, காலடியில் எது வருகிறதோ அதையே எடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு குத்திலும் முதலில் அசைக்காமல் மேலே பாருங்கள்: தட்டான், ஊசித்தட்டான், பொறிவண்டு, அந்துப்பூச்சி. பிறகு தூர்களை விலக்கி அடியில் பாருங்கள். புகையானும் ஓநாய்ச் சிலந்தியும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். மொத்தத் தூர்கள், காய்ந்த குருத்துகள், சுருண்ட இலைகள், புகையான், சிலந்தி என ஐந்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

பிறகு நிழலில் அமர்ந்து, ஐந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பெரிய தாளில் வரையுங்கள். நடுவில் அன்றைய பயிர், அதே தூர் எண்ணிக்கையோடு. ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சிகள், மறுபக்கம் நன்மை செய்பவை, எண்களோடு. மேலே வானிலை, கீழே நீரின் ஆழம். அடியில் ஒரே ஒரு வரி: இந்த வாரம் என்ன செய்வோம், ஏன்? படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரியாதவரும் வரைந்து வாதிட முடிவதால்தான் இந்தப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்கிறோம்.

கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். 20 குத்தில் 320 தூர்கள், 19 காய்ந்த குருத்துகள், 190 புகையான், 22 சிலந்திகள் என்று வைத்துக்கொள்வோம். குருத்துச் சேதம் 19-ஐ 320-ஆல் வகுத்து நூறால் பெருக்க, ஏறக்குறைய 6 விழுக்காடு. புகையான் தூருக்கு 0.6. சிலந்தி குத்துக்கு ஒன்றுக்கும் மேல்.

நெல்லுக்குப் பரவலாகக் கையாளப்படும் பொருளாதாரச் சேத நிலைகள், அதாவது தாண்டினால் மட்டுமே மருந்தை நினைக்க வேண்டிய எல்லைகள், இவை. குருத்துப்பூச்சிக்குத் தூர்கட்டும் பருவத்தில் 10 விழுக்காடு காய்ந்த குருத்து அல்லது சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல், கதிர்ப் பருவத்தில் 2 விழுக்காடு வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்). இலைச் சுருட்டுப்புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 விழுக்காடு இலைச் சேதம், பூக்கும்போது கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 விழுக்காடு. புகையானுக்குச் சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2. நம் எடுத்துக்காட்டு வயல் குருத்துச் சேதத்திலும் புகையானிலும் எல்லைக்குக் கீழே இருக்கிறது. முடிவு: தெளிக்க வேண்டாம், அடுத்த வாரம் மீண்டும் எண்ணுவோம். புகையான் வேகமாகப் பெருகும் காலமென்றால் மூன்று நான்கு நாளிலேயே எண்ணுங்கள்.

ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். போன வாரம் 0.2, இந்த வாரம் 0.6 என்றால் ஏறுமுகம். போன வாரம் 0.9 இருந்தது 0.6 ஆகியிருந்தால் சிலந்திகள் வேலையை முடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

நம்ப வைக்கும் இரண்டு சோதனைகள்

"சேதம் கண்ணுக்குத் தெரியும்போது சும்மா இருப்பதா?" என்ற கேள்வி இரண்டாம் வாரமே வரும். வாயால் பதில் சொன்னால் எடுபடாது.

முதல் சோதனை இலை வெட்டுதல். ஒரு சதுர மீட்டர் அளவில் நான்கு கட்டங்களைக் குச்சி நட்டுக் கயிறு கட்டிப் பிரியுங்கள். முதல் கட்டத்தை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் நட்ட 25ஆம் நாள் வாக்கில் ஒவ்வோர் இலையிலும் பாதியைக் கத்தரியுங்கள். மூன்றாவதில் அதே நாளில் பத்துக்கு ஒரு தூரைக் கிள்ளுங்கள். நான்காவதில் பூக்கும் நேரத்தில் கண்ணாடி இலையை மட்டும் வெட்டுங்கள். அறுவடையில் நான்கையும் தனித்தனியே அடித்து, உலர்த்தி, எடை போடுங்கள். இளம்பயிர் புதுத் தூரும் புது இலையும் விட்டு இழப்பை ஈடுகட்டிக்கொள்ளும். கண்ணாடி இலை போனால் அதை ஈடுகட்ட நேரம் இருக்காது, மணி நிரம்பாது. நட்ட முதல் 30 நாளில் இலைச் சுருட்டுப்புழுவுக்கென்று மருந்து தெளிப்பது ஏன் வீண் என்பதும், பூக்கும் பருவத்தில் எல்லை ஏன் கடுமையாகிறது என்பதும் இந்த எடையிலேயே விளங்கிவிடும். முதலில் அடிக்கும் அந்த மருந்துதான் சிலந்திகளை அழித்துப் பிற்பாடு வரும் புகையானுக்கு வழிவிடுகிறது என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பூச்சிக் கூண்டு. டப்பாவின் அடியில் ஈரச்சேறு வைத்து நாலு நாற்று நடுங்கள். ஒன்றில் 10 புகையானும் ஓர் ஓநாய்ச் சிலந்தியும், இன்னொன்றில் 10 புகையான் மட்டும். கொசுவலையால் மூடி நிழலில் வையுங்கள். மறுநாள் எண்ணுங்கள். சிலந்தி இல்லாத டப்பாவை மறந்துவிட்டால் சோதனையே கெட்டது: புகையான் வெப்பத்தில் செத்ததா, சிலந்தி தின்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிவரை தின்னும். இதைக் கண்ணால் கண்டவர் அதன்பின் சிலந்தியை நசுக்குவதில்லை.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடுங்கள். ஒரே தவணையில் கொட்டிய யூரியா பயிரைக் கரும்பச்சையாக்கி இலைச் சுருட்டுப்புழுவையும் புகையானையும் அழைக்கும். நடவில் 2.5 மீட்டருக்கு ஒரு முறை 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை போகும். நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டால் அதிலுள்ள குருத்துப்பூச்சி முட்டைக் குவியல்களும் சேர்ந்து போய்விடும். புகையான் ஏறத் தொடங்கினால் நீரை வடித்துவிட்டு மூன்று நான்கு நாள் கழித்துப் பாய்ச்சுங்கள்.

பூச்சி முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளையும் விடலாம்: குருத்துப்பூச்சி முட்டைக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், இலைச் சுருட்டுப்புழுவின் முட்டைக்கு டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். ஹெக்டேருக்கு ஒரு லட்சம் ஒட்டுண்ணிகள், அதாவது ஒட்டுண்ணி ஏறிய முட்டைகள் ஒட்டிய 5 சிசி அட்டை, நட்ட ஒரு மாதத்திலிருந்து வாரம் ஒன்றாக மூன்று முறை. அட்டையைத் துண்டுகளாக்கி இலையின் அடிப்பக்கத்தில், வெயில் தாழ்ந்த பிறகு பொருத்துங்கள். பை திறக்கும் முன்பே குளவிகள் பொரித்து வெளிவந்திருந்தால் தாமதித்துவிட்டீர்கள். விடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் இரசாயனப் பூச்சிக்கொல்லி கூடாது.

பெண் பூச்சியின் மணத்தால் ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் நடக்கும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: வேறு பூச்சிக்கான மணக்குப்பியை மாட்டுவது. ஒரு குப்பி ஒரே இனத்து ஆண் அந்துப்பூச்சியை மட்டும் ஈர்க்கும். குப்பியின் மணம் மூன்று நான்கு வாரத்தில் தீர்ந்துவிடும். பொறி காலியாக இருந்தால் பூச்சி இல்லை என்று முடிவுகட்டும் முன் குப்பி மாட்டிய தேதியைப் பாருங்கள்.

வேப்பங்கொட்டைச் சாறு 5 விழுக்காடு: நன்கு காய்ந்த வேப்பம் பருப்பு 5 கிலோவை மெல்ல இடித்து 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவையுங்கள். காலையில் பால்நிறம் வரும்வரை மரக்கட்டையால் கலக்கி, இரட்டைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். சோப்பைத் தனியே கரைத்துக் கடைசியில் சேருங்கள். அது இல்லாவிட்டால் சாறு இலையில் ஒட்டாமல் உருண்டுவிடும். பருப்பு 8 முதல் 10 மாதத்துக்கு மேல் பழையதாகவோ பூசணம் பிடித்ததாகவோ இருந்தால் வீரியம் இருக்காது. அன்றே, மாலை வெயிலில் தெளியுங்கள். வேம்பின் வீரியப் பொருளான அசாடிராக்டின் கடும் வெயிலில் சிதையும். வேப்பஞ்சாறு பூச்சியை உடனே கொல்லாது, தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கும். இதைச் சொல்லிவைக்காவிட்டால் மறுநாள் உயிரோடு நிற்கும் புழுவைப் பார்த்து "வேலை செய்யவில்லை" என்று வேறு மருந்தைத் தேடிப் போவார்கள்.

எல்லை தாண்டிவிட்டது: எந்த மருந்து?

புட்டியின் வணிகப் பெயரை மறைத்துவிட்டு லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். வேதிப் பெயர், விழுக்காடு, எந்தப் பயிர், எந்தப் பூச்சி, ஏக்கர் அளவு, அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாள்கள், காலாவதித் தேதி, நச்சுமுறிவு. இந்த எட்டும் தெரியாமல் மருந்தைத் தொடக் கூடாது. நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணத்தில் சிவப்பு மிகக் கொடியது. பின் மஞ்சள், நீலம், பச்சை என்று இறங்கும். பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். மீனுக்கோ தேனீக்கோ அதுவே கொடிய நஞ்சாக இருக்கலாம்.

அடுத்து, செயல்படும் வகை எண்: மருந்து பூச்சியை எந்த வழியில் தாக்குகிறது என்பதைக் காட்டும் குறியீடு. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம், அசிட்டாமிப்ரிட் மூன்றும் 4ஏ. குளோரான்ட்ரானிலிப்ரோல், ஃபுளூபெண்டியமைடு இரண்டும் 28. இமிடாகுளோபிரிட் கேட்காத பூச்சிக்குத் தயாமீதாக்சாம் அடிப்பது மருந்தை மாற்றியதாகாது. ஒரே தலைமுறைப் பூச்சிக்கு, அதாவது சுமார் ஒரு மாதத்துக்கு, ஒரு வகை. அடுத்த தலைமுறைக்கு வேறு எண். புகையான் உள்ள நெல்லில் செயற்கைப் பைரித்ராய்டுகளை (வகை 3ஏ) தொடவே வேண்டாம். அவை புகையானை மீண்டும் பெருகச் செய்பவை.

இரண்டு பூச்சிக்கொல்லி, ஒரு பூசணக்கொல்லி, மேலே ஒரு டானிக் என்று ஒரே தொட்டியில் கலக்கும் வழக்கத்தை உடைப்பது கடினம், ஆனால் உடைக்க வேண்டும். எது வேலை செய்தது, எது இலையைக் கருக்கியது என்று பிற்பாடு யாருக்கும் தெரியாது.

அளவு: மூடிக்கணக்கு வேண்டாம்

மூடி 5 மில்லியும் இருக்கும், 25 மில்லியும் இருக்கும். அளவுக் குவளை இல்லாமல் எந்த அளவும் அளவல்ல. அதோடு, தெளிப்பவரின் நடையும் அளவை மாற்றும். இதைக் காட்டுவது எளிது.

பத்துக்குப் பத்து மீட்டர் கட்டம் ஒன்றை அளந்து குறியுங்கள். தொட்டியில் வெறும் நீரைக் குறிப்பிட்ட அளவு ஊற்றி, வழக்கமான நடையில் தெளிக்கச் செய்து, எவ்வளவு செலவானது என்று அளங்கள். 5 லிட்டர் என்றால், ஏக்கர் என்பது இந்தக் கட்டத்தைப் போல் 40 மடங்கு, ஆக ஏக்கருக்கு 200 லிட்டர். 16 லிட்டர் தொட்டிக்குப் பன்னிரண்டரைத் தொட்டி. லேபிளில் ஏக்கருக்கு 60 மில்லி என்றிருந்தால் தொட்டிக்கு 4.8 மில்லி. இன்னொருவர் மெதுவாக நடந்து 7 லிட்டர் செலவழிப்பார். அவருக்குப் பதினேழரைத் தொட்டி. அதே 4.8 மில்லியை அவர் ஊற்றினால் ஏக்கருக்கு 84 மில்லி விழும், 40 விழுக்காடு அதிகம். அவருக்குச் சரியான அளவு 3.4 மில்லி. குழுவில் நாலு பேரை நடக்கவிட்டு நாலு எண்களையும் தாளில் எழுதுங்கள். லேபிளில் ஏக்கருக்கான நீரின் அளவும் இருந்தால், நடை வேகத்தைத் திருத்தி அதை ஒட்டி வர வேண்டும்.

மின்கலத் தெளிப்பானில் மின்னேற்றம் இறங்க இறங்க அழுத்தமும் குறையும். நாசில் (தெளிப்பு முனை) தேய்ந்தால் பீய்ச்சல் கூடும். புது நாசிலைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் நீர் வந்தால் மாற்றிவிடுங்கள்.

கலக்குதல், உடை, தெளித்தல்

உடலில் நஞ்சு ஏறக்கூடிய வேளைகளில் மருந்தைக் கலக்கும் நேரமே மிக ஆபத்தானது, ஏனெனில் அப்போது கையில் இருப்பது நீர் சேராத மருந்து. வெப்பத்தில் முழுக் கவச உடையை யாரும் மணிக்கணக்கில் அணிய மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வற்புறுத்தினால் எதையுமே அணியாமல் போவார்கள். ஆகவே வரிசை சொல்லுங்கள்: கலக்கும்போது நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தெளிக்கும்போது முழுக்கைச் சட்டை, நீள்கால்சட்டை, பூட்ஸ். லேபிள் கேட்டால் வடிகட்டி உள்ள சுவாசக் கவசம். துணி முகமூடி தூளைத் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது. நனைந்த துணியோ நஞ்சை மூக்கருகிலேயே பிடித்துவைக்கும். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பாதத்தில் தேங்கும்.

தோல்தான் நஞ்சுக்குப் பெரிய வாசல். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து 1971ல் வெளிவந்த ஆய்வில் முன்கை 8.6 விழுக்காட்டை உறிஞ்சியது, நெற்றி 36 விழுக்காட்டை, விதைப்பைத் தோல் ஏறக்குறைய முழுவதையும். மருந்துபட்ட கையோடு வியர்வை துடைப்பதும் சிறுநீர் கழிக்கப் போவதும் எவ்வளவு கேடு என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

கலக்கும் வரிசை: தொட்டியில் பாதி நீர், பிறகு நனையும் தூளும் குருணையும், பிறகு எஸ்சி (கெட்டியான தொங்கல் திரவம்), பிறகு இசி (நீரில் பால்போல் கலங்கும் எண்ணெய்த் திரவம்), கடைசியில் கரைசல் வகையும் ஒட்டுத் திரவமும். மிச்ச நீரை ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள். காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள்.

சாயச் சோதனையை இந்த நாளில் வையுங்கள். புதிய தெளிப்பானில் உணவுச் சாயம் கலந்த நீர். தெளிப்பவரின் மார்பு, முதுகு, தொடை, முழங்கால், கை, பாதம் என எல்லா இடத்திலும் வெள்ளைத் துணித் துண்டுகளை ஒட்டுங்கள். முதலில் முன்னால் வீசிக்கொண்டே நடக்கட்டும். பிறகு துணியை மாற்றி, காற்றுக்குக் குறுக்காக, காற்று போகும் பக்கத்து ஓரத்திலிருந்து தொடங்கி, நாசிலைக் காற்று போகும் பக்கமாகவே பிடித்து நடக்கட்டும். இரண்டு துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். முதல் முறையில் நனைந்த பயிருக்குள்ளேயே நடந்ததால் தொடையும் காலும் சாயமாகியிருக்கும். முதுகுத் துணி நனைந்திருந்தால் தொட்டி மூடி ஒழுகுகிறது.

காற்று அறவே இல்லாத விடியலும், மரக்கிளை ஆடும் காற்றும் இரண்டுமே தெளிக்க ஆகாதவை. இலை மட்டும் அசையும் மென்காற்று சரி. பூக்கும் காலத்தில் தேனீ அடங்கிய மாலையில்தான் தெளிக்க வேண்டும். புகையானுக்கு நீரை வடித்துவிட்டு, நாசிலைத் தூர் அடிக்கு இறக்குங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள், பழைய பல் தூரிகையால் நீரில் தேய்த்தால் போதும்.

தெளித்த பின்

காலிப் புட்டியை 30 நொடி வடியவிட்டு, கால்வாசி நீர் ஊற்றி, 30 நொடி குலுக்கி, அந்த நீரைத் தொட்டியிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு புட்டியில் ஓட்டையிடுங்கள், யாரும் எடுத்து எண்ணெய் ஊற்றி வைக்க முடியாதபடி. தொட்டி கழுவிய நீர் தெளித்த வயலுக்கே போக வேண்டும், வாய்க்காலுக்கல்ல. துணியைக் கையுறையோடு, வீட்டுத் துணியிலிருந்து தனியாகத் துவையுங்கள். வயலில் மறுபடி இறங்க லேபிள் சொல்லும் நேரம் வரை பொறுங்கள். சொல்லாவிட்டால் குறைந்தது 24 மணி நேரம். மிச்ச மருந்து மூலப் புட்டியிலேயே, பூட்டிய பெட்டியில், சமையலறைக்கும் தீவனத்துக்கும் தொலைவில். குளிர்பானப் புட்டியில் ஊற்றிவைத்த மருந்தைக் குழந்தை குடித்தால் அது குழந்தையின் பிழையல்ல.

பயிரில் பூச்சி சாகவில்லையென்றால் அளவைக் கூட்டாமல் வரிசையாகத் தேடுங்கள்: புழு ஏற்கெனவே தண்டுக்குள் போய்விட்டதா, தெளிப்பு பூச்சி இருக்கும் இடத்தை எட்டியதா, மழை கழுவியதா, அளவு சரிதானா, காலாவதியா, போலியா. இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே எதிர்ப்புத் திறனைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் பதில் வேறு வகை எண்தான், இரட்டை அளவல்ல.

நஞ்சேறினால்

அறிகுறிகளைத் தெரிந்து வையுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தில் வியர்வை, எச்சில் ஒழுகல், வாந்தி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல். பைரித்ராய்டு வகையில் முகத்தில் எரிச்சல், ஊசி குத்தும் உணர்வு. தெளிப்பதை உடனே நிறுத்தி, காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து, துணியைக் களைந்து, சோப்பு நீரால் கழுவுங்கள். உதவுபவரும் கையுறை அணிய வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீர். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புக்கரைசல் கொடுக்காதீர்கள். மயக்கமென்றால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடி மருத்துவமனைக்கு விரையுங்கள். புட்டியை அல்லது லேபிளை உடன் கொண்டுபோக வேண்டும், எந்த வேதிப்பொருள் என்பதை வைத்தே மருத்துவர் அட்ரோபின் என்ற முறிவு மருந்தைக் கொடுப்பதா என்று முடிவெடுப்பார். பாராக்வாட் என்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. ஒரு வாய் விழுங்கியவர் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அந்த நொடியே கிளம்ப வேண்டும்.

பருவ முடிவில்

இரண்டு பாத்திகளின் தெளிப்பு எண்ணிக்கை, மருந்துச் செலவு, ஆள் கூலி, விளைச்சல் நான்கையும் ஒரே தாளில் எழுதி, வரவு செலவைக் குழுவே கணக்கிடட்டும். இலை வெட்டிய கட்டங்களின் எடையும் அதே தாளில் இருக்கட்டும். அடுத்த பருவம் நட்ட நாற்பதாம் நாளில், முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்று, ஒவ்வொருவர் வயலுக்கும் போய் மூன்றை மட்டும் பாருங்கள்: எண்ணிக்கைக் குறிப்பேடு நிரம்பியிருக்கிறதா, அளவுக் குவளை மருந்துப் பெட்டியில் இருக்கிறதா, அந்தப் பெட்டி பூட்டியிருக்கிறதா. குறிப்பேடு வெறுமையாக இருந்தால் அவருடன் அங்கேயே இறங்கி 20 குத்தை எண்ணிவிட்டு வாருங்கள்.